மதாமும் ரெண்டு கிலோ சாவியும்

பூட்டு ரிப்பேர் தொழிலுல கைவேலை பாதிதான், மீதி பாதி மூஞ்சி. மூஞ்சியப் பாத்து நம்புனாத்தான் பீரோகிட்டயே வுடுவாங்க. எனக்கு மூஞ்சி நல்ல மூஞ்சி. நாலாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன்னாலும் வாயி வக்கீலு வாயி. கையி, காலு, கண்ணு எல்லாம் சரியா இருக்குது. ஆனா மாசத்துக்கு ஒருக்கா நின்ன எடத்துலயே வெட்டுன மரமாட்டம் சாஞ்சிடுவன். காக்கா வலிப்பு. என்ன மாரி வுழுந்து எழுந்திரிக்கிற ஜனங்களுக்கு இத்தச் சொல்லவே வாணாம். மத்தவங்க கீழ குந்திகினு படிங்க, பழக்கம் ஆவட்டும்.

இரும்பு

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஒரு பாஞ்சி வருசம் இருக்கும். வில்லியனூர் சந்தையில சாக்க விரிச்சி குந்தி இருந்தன். இடுப்புல ஒரு வளையம், அதுல பழைய சாவிங்க, எடை போட்டா ரெண்டு கிலோ தேறும். அது வரைக்கும் வூட்டோட வுழுந்து எழுந்தவன், அன்னிக்கு சந்தையிலயே சாஞ்சிட்டன்.

நம்ம ஊரு வைத்தியம் தெரியுமே, வலிப்பு வந்தவன் கையில இரும்பக் குடுத்தா நின்னுடும்னு. ஒருத்தன் வூட்டுச் சாவியத் திணிச்சானாம், இன்னொருத்தன் அருவாளையே தூக்கியாந்தானாம். எனக்கு எங்க தெரியும், நான்தான் ஊருலயே இல்லயே. கண்ணத் தொறந்தா சுத்தி சந்தையே நிக்குது. வெத்தல விக்கிற அம்மா ஒண்ணு அந்தச் சாவி திணிச்சவனப் புடிச்சி வாங்கிகினு இருக்குது: "ஏன்டா, அவன் இடுப்புலயே ஒரு கடை இரும்பு தொங்குது. அதுக்கு நிக்காதது உன் வூட்டு ஒத்தச் சாவிக்கா நிக்கப் போவுது?"

மதாம்

அன்னியோட வில்லியனூர்ல என் பொழப்பு முடிஞ்சிது. வுழுறவன எவன் வூட்டுக்குள்ள வுடுவான்? ஆசுபத்திரி மாத்திரைய முழுங்கிகினு பாகூர் பக்கம் போவ ஆரம்பிச்சன். அங்க எவனுக்கும் என் சேதி தெரியாது. அங்கயும் தெரிஞ்சிதுன்னா அந்தாண்ட கடலுதான், மீனுங்க பூட்டு போடறதில்ல.

அப்போதான் எங்க ஊரு உறுவையாத்துல ஒரு பொட்ட நாயி என் பின்னால சுத்த ஆரம்பிச்சிது. வெள்ள வெளேர்னு, நீட்டு மூக்கு, எவனையும் திரும்பிப் பாக்காத நடை. அசல் பிரெஞ்சுக்காரன் வூட்டம்மாதான், அதான் மதாம்னு பேரு வெச்சன். ஒரு நாளு லுங்கியப் புடிச்சி இழுத்துது. டீக்கடை பொறை ரொட்டிக்குத்தான் இழுக்குதுன்னு தொரத்திட்டன். கொஞ்ச நேரத்துல வாய்க்காலுல கெடந்தன். மறுபடி ஒரு நாளு இழுத்துது, மறுபடி தொரத்தனன், மறுபடி வுழுந்தன், முன் பல்லு ஒண்ணு போச்சி. மூணாவது வாட்டிதான் இந்த மண்டையில வெளக்கு எரிஞ்சிது: இது பொறை கேக்கல, சேதி சொல்லுது! அதுலேர்ந்து இழுத்தா அங்கயே படுத்துடுவன். என் பொண்டாட்டி மூஞ்சியத் திருப்பிகினு சொன்னா: "இருவது வருசமா நான் சொல்றன், ஒரு நாளு குந்தியிருப்பியா? நாயி சொன்னா மட்டும் படுத்துக்கற."

கோடு

சேதி சொன்னா மட்டும் போதுமா? நாலு வூட்டுக்கு கூட்டிகினு போறதுக்கு மரியாத தெரிய வாணாமா? அரம், ஸ்பிரிங்கு எல்லாம் பாகூர்ல ஒரு பாய் கடையிலதான் வாங்குவன். அவரு தொழுவுறவரு, நாயி மேல பட்டா ஆவாது. சாக்பீஸ எடுத்து வாசப்படியில ஒரு கோடு போட்டாரு. "நீ உள்ள வா, உன் மதாம் அந்தாண்ட இருக்கட்டும்"னாரு.

அந்தக் கோட்டுலதான் பாடம். கோட்டுக்கு அந்தாண்ட குந்துனா ஒரு பொறை, தாண்டுனா ஒண்ணும் இல்ல. கடைத்தெருவே நின்னு சிரிக்குது, நாயிக்கு பள்ளிக்கூடம் நடத்துறான் பாருன்னு. ஒரு மாசத்துல கத்துகிச்சி. கொஞ்சம் ஜாஸ்தியாவே கத்துகிச்சி. வெள்ளக் கோடு எங்க இருந்தாலும் நின்னுடுது. வாசல்ல கோலத்தப் பாத்தா அதுக்கு வெளியில அடக்கமா குந்திடும். எனக்கு வரப் போவுதுன்னா அங்கேர்ந்தே ஒரு மொனகல். நானும், தண்ணி குடிச்சிட்டு வரன்னு வெளிய போயி, வைக்கப்போருக்கு பின்னால படுத்து எழுந்து, ஒண்ணும் நடக்காத மாரி வந்து அரத்த எடுப்பன். பாகூர்ல ஒரு ஈ காக்காக்கு தெரியல. மதாமுக்குதான் பேரு. ஒரு வூட்டம்மா மருமவ காதுல வுழுறாப்புல சொல்லிச்சி: "எங்க வூட்டுக்கு வந்தது கோலத்த மிதிச்சிகினுதான் வரும் போவும். நாயிகிட்ட இருக்குது பாரு வளப்பு!"

டிக்கெட்டு

சைக்கிள வுட்டுட்டன், ஏன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு நாளு மதாமோட பஸ்ஸு ஏறனன். நாயிய எறக்குன்னாரு கண்டக்டரு. காரணத்தச் சொல்லலாம்னா பஸ்ஸு பூரா பாகூர் ஜனம். காலு நொண்டின்னா நடந்துல்ல ஏறனன்? கண்ணு மங்கலுங்க, நாயிதான் வழி காட்டுதுன்னன்.

ரெண்டு சீட்டு தள்ளி நின்னுகினு வெரல நீட்டனாரு. "இது எத்தினி?" தெரியலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. இந்த வாயி சும்மா இருக்குமா? "மூணுங்க, நடு வெரல்ல மட்டும் நகம் வெட்டல"ன்னன். பஸ்ஸே சிரிக்குது. கண்டக்டரு விசில ஊதிட்டு சொன்னாரு: "இம்மாங் கண்ணு உனக்கு இருந்தா நீதான்யா நாயிக்கு வழி காட்டணும், எறங்கி நடந்தே காட்டு."

பெட்டி

பாகூர்ல கரும்பு வெச்சிருக்கற பெரிய வூடு. மூத்த புள்ளைக்கு கண்ணாலம், நகை வெச்ச இரும்புப் பெட்டி சாவி காணும். வூட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு. மதாம் வாசல்ல, கோலத்துக்கு அந்தாண்ட. பெட்டிக் கதவு ரெண்டு வெரக்கட தொறந்து நகை மினுக்குது, அந்த நேரம் பாத்து மொனகல்.

"தண்ணி குடிச்சிட்டு வரங்கய்யா."

"தண்ணி இங்கயே கொண்டாரச் சொல்றன். பெட்டிய இப்படி வுட்டுட்டு எங்கய்யா போற?"

அவரு சொல்றதும் ஞாயம்தான். போனா திருடன், இருந்தா வலிப்புக்காரன். முழிச்சிகினு இருக்கசொல்ல, மதாம் கோலத்தத் தாண்டி உள்ள ஓடியாந்துடுச்சி. ஒரு நாளும் தாண்டாதது. சரி, இன்னிக்கு பெருசா வருதுன்னு அரத்த கீழ வெச்சன். "ஐயா, எனக்கு வலிப்பு. இப்ப வந்துடும். பயப்படாதீங்க. இரும்பு மட்டும் குடுக்காதீங்க, எங்கிட்டயே நெறைய இருக்குது"ன்னு பட்டுனு சொல்லிட்டு ஒருக்களிச்சி படுத்துட்டன். பாகூரும் போச்சின்னு கண்ண மூடிகினன்.

மூடிகினே இருக்கறன், வரல. ஒரு கண்ணத் தொறந்தா மதாம் எங்கிட்டயே இல்ல. அடுப்பங்கரையில அந்த வூட்டுப் பொண்ணு பாவாடையக் கவ்விகினு இழுக்குது. அம்மா தொடப்பத்த ஓங்குது. "அடிக்காதீங்கம்மா! பாப்பாவ அடுப்பண்டேர்ந்து தள்ளி குந்த வையுங்க!"ன்னு கத்தனன். பொண்ணு தள்ளி குந்திச்சி. அடுத்த மூச்சுல சாஞ்சிது. அடுப்பு அது பாட்டுக்கு எரிஞ்சிகினு இருக்குது.

வூட்டுக்காரரு ஓடியாந்து என் இடுப்பு வளையத்தயே புடிச்சி இழுத்தாரு, கைய தட்டி வுட்டன். அந்த அம்மா யாரும் சொல்லாமலே தலைக்குத் துணிய மடிச்சி வெச்சிது. அந்த மடிப்பப் பாத்ததும் புரிஞ்சிபோச்சி, இது மொத வாட்டி இல்ல. பொண்ணு கண்ணு முழிச்சிது. அப்புறம் அம்மா எழுந்துபோயி தெருக் கதவ சாத்திட்டு வந்து எம் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சி: "சாவிக்காரரே, நீ பெட்டி தொறக்க வந்த, தொறந்த, வேற எத்தயும் பாக்கல. நாங்களும் நீ படுத்துகினு சொன்ன எத்தயும் கேக்கல."

இரும்பால வலிப்பு நிக்காதுன்னு ஊருக்கே அடிச்சி சொல்லுவன், ஆனா அன்னியிலேர்ந்து அந்த வூட்டுல மாசம் தவறாம ஒரு நல்ல பூட்டு கெட்டுப்போயி, "சாவிக்காரர வரச் சொல்லு, நாயி இல்லாம வர வாணாம்னு சொல்லு"ன்னு ஆளு வந்துகினேதான் இருந்துது.