நெல்லிக்காயளவு லேகியம்

கல்யாணமான மறு வருஷம் ஸ்கூட்டர் வாங்கினேன். அதுவரை திருப்பரங்குன்றத்திலிருந்து டவுன் ஆபீசுக்குச் சைக்கிள் மிதித்தவன், பிறகு காலை அசைக்காமல் போய்வந்தேன். மாமியார் வீட்டு விருந்து ஒரு பக்கம், ஆபீஸ் வாசல் போண்டா ஒரு பக்கம். தொந்தி விழுந்தது. "மாப்ள, கல்யாணம் ஒடம்புக்கு ஒத்துக்கிருச்சு போல!" என்று கூடப் படித்தவர்கள் அதைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் தொந்தி என்றால் வசதி. நானும் சட்டையைப் பெரிதாகத் தைத்துக்கொண்டு பெருமையாகத்தான் திரிந்தேன்.

ஆனால் சாப்பிட்டுக் கை கழுவினால் தூக்கம். ஆசை என்ற ஒன்று எந்தத் திசையில் போனது என்றே தெரியவில்லை. பக்கத்தில் மனைவி இருப்பாள். எனக்குக் கொட்டாவி வரும். முதலில் கேலி செய்தவள், பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். அவள் மனசு என்னை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

இதை யாரிடம் சொல்ல? ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரைப் பார்த்தேன். "ஆம்பளச் சத்து கொறஞ்சு போச்சு" என்று நாடி பிடித்துச் சொல்லி ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். காலையும் மாலையும் நெல்லிக்காயளவு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் எலுமிச்சம்பழ அளவு உருட்டி விழுங்கினேன். ருசி வேறு பிரமாதம்.

ஆசை வரவில்லை, தாகம்தான் வந்தது. ஓயாமல் ஒன்றுக்குப் போனேன். டாக்டரிடம் ஓடினேன். அவர் சிறுநீரை நீல மருந்தில் சொட்டவிட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை!

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். லேகியத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அதுல அம்புட்டும் வெல்லமும் நெய்யுந்தாங்க. தொந்தி போடப் போட ஆம்பள ஹார்மோன் கொறையும். அது கொறஞ்சா தொந்தி இன்னும் ஏறும், சர்க்கரையும் சேந்து வரும். சத்து கொறஞ்சு போச்சுன்னு திங்கிறதக் கூட்டிட்டீங்க. வாயக் கட்டுங்க, ஸ்கூட்டர ஓரங்கட்டிட்டு நடங்க. எல்லாம் சரியாப் போகும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். லேகியக் கதையில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"இம்புட்டுத்தானா? நான் கறுப்பா இருக்கேன்னு ஒங்களுக்கு என்னையப் பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சு, கடையில இருக்க பவுடர் அம்புட்டையும் பூசிப் பாத்துட்டேங்க" என்றாள்.