மரச்சீவலுக்குள் விழுந்த காது

2012 மார்கழி, ஒரு சனிக்கிழமை பின்னேரம். சுவிஸில் நாங்கள் இருந்த பேர்ண் நகரத்தின் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் போடும் கிறிஸ்மஸ் சந்தைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் அறுவைச் சிகிச்சை செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதன் வெளித்துண்டு காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் கேட்கும். கழன்றால் ஒரு சத்தமும் இல்லை.

கம்பளித் தொப்பிக் கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், பிறகு இன்னொன்று. நான்தான் அவசரப்பட்டு அதை இழுத்துக் கழற்றினேன். சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. கொஞ்சத் தூரம் போய், "பிள்ளை, இஞ்சால வா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தலைமயிரை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் வெறும் தோல்.

அவளை இழுத்துக்கொண்டு தொப்பிக் கடைக்குத் திரும்பி ஓடினேன். நிலம் முழுக்க மரச்சீவல் கொட்டியிருந்தது. முழங்காலில் நின்று கையால் கிளறினேன். சப்பாத்துகள் என் விரலுக்கு மேலால் போயின. கடைக்காரி என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த டொச் மொழியெல்லாம் மறந்துபோய்விட்டது. "ஓர், கிண்ட், ஓர்", காது, பிள்ளை, காது என்று மட்டும் சொல்லி, என் காதைத் தொட்டுக் காட்டி அழுதேன். அவளுக்கு விளங்கிவிட்டது. வியாபாரத்தை விட்டுவிட்டு டோர்ச் லைட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினாள்.

மகள் என் ஜக்கெற்றைப் பிடித்து உலுக்கினாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்தினாள்.

"அம்மா, ஏன் கதைக்கிறீங்கள் இல்லை?"

"கதைக்கிறன் ராசாத்தி, கதைக்கிறன்."

"கதையுங்கோ அம்மா! கதையுங்கோ!"

சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பிடித்து உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் என் வாயைக் கையால் அடித்தாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையில் நின்ற கணவருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "தொப்பியை ஏன் இழுத்தனீர்?" என்றார். பிறகு வேலை உடுப்போடேயே வந்து எங்களோடு சேர்ந்து தேடினார்.

கடைக்காரிதான் கண்டெடுத்தாள். யாரோ மிதித்து இரண்டாக உடைந்திருந்தது. அவள் அதைத் தன் கைலேஞ்சியில் சுற்றி என்னிடம் தந்தாள்.

புதிய கருவி வரப் பன்னிரண்டு நாள் சென்றது. முதல் இரண்டு நாள் மகள் கத்தினாள். பிறகு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு சொல்லாகப் பழக்கியதெல்லாம் போய்விட்டதோ என்று பயந்தேன். கேட்காது என்று தெரிந்தும் அவள் நித்திரையில் கிடக்கும்போது தலைமயிருக்குள் வாய் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

கருவியைப் பொருத்திய அன்று கிளினிக்கில் நான் அவள் பெயரைச் சொன்னேன். உடனே திரும்பினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இப்ப என்னோட கோவமில்லையோ?"

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.