மாமிக்குக் கேட்காத கித்தார்

எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான் வரும். கித்தார் நன்றாக வரும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நாங்கள் போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். எங்கள் கல்யாண வீடுகளில் பொழுதுபட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அண்ணன் வயலின், நான் கித்தார். போகப் போக அண்ணன் வேகத்தைக் கூட்டுவார். ஆடுகிறவர்கள் களைத்து உட்காரும்வரை வாசிக்கிறவர்கள் நிறுத்தக் கூடாது, அதுதான் வழக்கம்.

என்னைத் தன்னாமுனையில் கட்டிக்கொடுத்தார்கள். மாமிக்குத் தீராத தலையிடி. கோழி கொக்கரித்தாலும் மண்டை பிளக்கிறது என்பார். கணவர் நல்லவர், தாய்க்கு மறுசொல் சொல்லாத நல்லவர். கோயிலுக்குக்கூட மாமி போனால்தான் நானும் போகலாம். வாசிக்க வரும்படி அண்ணன் ஆள் அனுப்பினால் மட்டும், சனம் குறை சொல்லுமே என்று படலையைத் திறந்துவிடுவார்கள். எனக்கு வேறு வாசல் இருக்கவில்லை.

கட்டிக்கொடுத்த பிறகு வாசித்த முதல் கல்யாணத்தில் என் கை என்னைக் கைவிட்டது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. அண்ணன் வேகம் கூட்ட, முன்கை விறகுக் கட்டையாக இறுகியது. இறுக்கினால்தான் வேகம் வரும் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். தந்தியைத் தட்டும் மாட்டுக்கொம்புச் சில்லு விரலிலிருந்து தெறித்து, கித்தாரின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. சபை நடுவே கித்தாரைத் தலைகீழாகக் குலுக்கினேன்.

"என்னகா, உள்ளுக்க எலி பூந்திற்றா?" என்றார் ஒரு கிழவர். வீடே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நம்மட சின்னவள்ட கல்யாணத்திலயும் இப்பிடி எண்டா ஏலாது. மறுகா உன்ட கதிரையில பெரியம்மாட மகனத்தான் இருத்துவன்."

அந்தக் கதிரை போனால் படலையும் போய்விடும்.

மத்தியானம் மாமி சாய்ந்ததும் பின்னறையில் உட்காருவேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். தந்திகளுக்கு அடியில் பழைய சீலைத் துண்டைத் திணித்து, சில்லின் நுனி மட்டும் படும்படி மெல்லத் தொடுவேன். மேலும் கீழுமாக, ஆமை வேகத்தில். கொஞ்சம் வேகம் ஏற்றினால் போதும், விரல் தானாக இறுகும், சில்லு ஆழமாக இறங்கும், தந்தி "டங்" என்னும்.

"ஆர்ரா அங்க?" என்று தட்டிக்கு அப்பால் மாமி அலறுவார்.

"ஒண்டுமில்ல மாமி, தகரப் பேணி விழுந்திற்று."

"இந்த வீட்டில பேணிக்கும் கால் முளைச்சிற்று!"

என் கை இறுகுவது எனக்கு முன்னே மாமிக்குத் தெரிந்துவிடும். அவர் சத்தம் போட்டதும் கையை உதறி, தோளை இறக்கி, பழையபடி ஆமை வேகத்துக்கு வருவேன். முழங்கையை ஆட்டாமல் மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் சத்தமும் எழாது, கையும் வலிக்காது என்று பிடிபட்டது. சில்லை நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். மாமி கூப்பிடாத நாட்கள் கூடின. வேகமும் கூடியது. அந்த அறையில் காற்று வராது. முதுகு வழிய வியர்வை ஓடும். பாட்டு எப்படி இருக்கிறது என்று எனக்கே கேட்காது.

என் தங்கச்சி சின்னவளின் கல்யாணத்தில் சீலைத் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் கூட்டினார், நானும் கூட்டினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கூட்டினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவராகச் சுவரோரம் சாய்ந்தார்கள். கடைசியில் வயலின் வில்லை இறக்கியது அண்ணன்தான்.

"கையில என்னகா, எண்ணெய் பூசினயா?"

"எங்கட வீட்டுப் பின்னறையில வந்து இருந்து பாருங்க."

அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கல்யாணத்துக்கும் நான்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

விடிந்ததும் மாட்டுவண்டி தன்னாமுனைக்குத் திரும்பியது. மாமி முற்றத்தில் நின்றார். "வந்திற்றயா? போய் உலையை வை" என்றார். எனக்குப் பின்னால் படலை மூடி, கொளுக்கி விழுந்தது. தோள் தானாக மேலே ஏறியது. அதை இறக்கிவிட்டு, உள்ளே போனேன்.