யாஸ்மினிடம் கேட்ட நான்காவது கேள்வி

முப்பது வருடம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு, தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று வகுப்பு எடுக்கப்போகிறார்களாம். வேங்கிக்காலில் ஒரு நாள் பயிற்சி. போகாவிட்டால் டீமை மேட்சுக்கு அழைத்துப் போக முடியாது. புலம்பிக்கொண்டேதான் போனேன். அதுவரை எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: முகத்தில் தண்ணீர் அடிப்போம், கண்ணைத் திறந்தால் மறுபடி ஆடவிடுவோம்.

அடிபட்ட பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார் டாக்டர். இது எந்த கிரவுண்ட்? எதிர் டீம் எது? இன்று என்ன கிழமை? "பதில் சரியா சொன்னாலும், சந்தேகம் இருந்தா வெளிய உக்கார வைங்க" என்றும் சொன்னார். நான் முதல் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மறுநாளே என் கபடிப் பெண்களை வரிசையாக நிறுத்தி மூன்று கேள்வியையும், ஃபைனலுக்கான பதில்களையும் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் புத்தி எங்கே போகும்!

அதற்கு மறுநாள் மாவட்ட ஃபைனல், ஆரணி டீமோடு. எங்கள் முதல் ரெய்டர் யாஸ்மின் பிடிபட்டு விழுந்ததில் தலை தரையில் மோதியது. ஓடிப்போய்க் கேட்டேன். மூன்றுக்கும் டக் டக்கென்று சரியான பதில். உள்ளே அனுப்ப வாயெடுத்தேன்.

"அவளுக்குத் தெரியும் மிஸ். நேத்தே எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டோம்" என்றாள் கேப்டன் சுதா, பெருமையாக.

சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டேன். "யாஸ்மின், காலைல இங்க எதுல வந்தே?"

"பஸ்ல மிஸ்."

பஸ்ஸை விட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் வந்தவள் அவள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

வெளியே உட்கார வைத்தேன். "நல்லாதான் மிஸ் இருக்கேன், ஒரே ஒரு ரெய்டு" என்று அழுதாள். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"அஞ்சு நிமிஷம்தான் பாக்கி. மூஞ்சில தண்ணி அடிச்சு அனுப்புங்க மிஸ்!"

"கப்பு போனா போவுது சார். அனுப்ப மாட்டேன்."

இரண்டு பாயிண்டில் தோற்றோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே அவள் வாந்தி எடுத்தாள். இன்னொரு அடி பட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். மடியில் சாய்ந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தபோது, என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

ஓய்வெடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் கோர்ட்டில் இறங்கினாள். இப்போது காலேஜ் டீமில் ஆடுகிறாள். நான் ரிட்டயர்டாகி, அதே பயிற்சியில் கோச்சுகளிடம் பேசுகிறேன். கேள்விகளைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள், சந்தேகம் வந்தால் கேள்வியே வேண்டாம், வெளியே உட்கார வையுங்கள் என்பேன்.

போன வாரம் யாஸ்மின் வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நின்ற ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெஜமாவே இதுலயா மிஸ் வந்தேன்? வழியில என்ன பேசினேன்?"

"கப்பு வாங்கினா முதல்ல யார் கையில குடுக்கணும்னு பேசினே."

"யாருக்குக் குடுக்கறேன்னு சொன்னேன்?"

"எனக்குத்தான்டி" என்றேன்.