எட்டு மாதம் காய்ந்த சுவர்

என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொய் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காகிதம் இன்றும் பென்னலூரில் ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருபது வருஷம் இருந்தேன். வெளியே வந்த பிறகு, வீடுகளில் கனமான சாமான்களை மாட்டித் தருவதைத் தொழிலாக வைத்துக்கொண்டேன். ஆளுயரக் கண்ணாடி, சரவிளக்கு, ஊஞ்சல், தேக்குச் சிற்பம் எல்லாம் மாட்டுவேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் முருகன் புண்ணியத்தில் நான் மாட்டிய எதுவும் இதுவரை விழுந்ததில்லை. தாங்குகிற சுவரைத் தாங்காது என்று சொன்னதும் இல்லை, அந்த ஒரு முறை தவிர.

1. அறுபது கிலோ முருகன்

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் சார் போன் செய்தார். கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசராக இருந்தவர். அப்போதுதான் ரிடையர் ஆகியிருந்தார்.

“ஏழுமல, பசங்க சேந்து சென்ட்-ஆஃப்ல முருகன் குடுத்துக்கீறாங்கப்பா. தேக்கு. அறுவது கிலோ. நாளன்னிக்கி எல்லாரும் வூட்டுக்கு சாப்ட வர்றாங்க. அதுக்குள்ள சுவத்துல ஏத்தணும்.”

சாரிடம் ஒரு வாதத்திலும் நான் ஜெயித்ததில்லை. எதைச் சொன்னாலும் “எழுதிக் குடு” என்பார். மிஷின் நின்றால் எழுதிக் கொடுக்கணும். போல்ட் தேய்ந்தால் எழுதிக் கொடுக்கணும். ஒருமுறை வயிற்றுவலி என்று லீவு கேட்டபோது, எந்தப் பக்கம் வலி என்றுகூட எழுதி வாங்கிக்கொண்டார்.

போனேன். கூடத்தில் மயில்மேல் முருகன் தரையில் சாய்ந்து நின்றிருந்தார். கும்பிட்டுவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். இப்போது கட்டுகிற சில ஃபிளாட்டுகளில் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். பிளக் போட்டால் ரஸ்க்கில் ஈர்க்குச்சி குத்தினது போல இருக்கும். இதுவோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கட்டும்போது ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் சாரே தண்ணீர் அடித்த சுவர். என் விரல் முட்டிதான் வலித்தது. முருகனோடு சேர்த்து சாரையும் மாட்டலாம்.

“இன்னா சொல்லுது சுவரு?”

“பாறை சார்.”

சாருக்கு முகம் மலர்ந்தது. நான் ரசமட்டம் வைத்துப் பென்சிலால் நாலு குறி போட்டேன். சமையற்கட்டிலிருந்து அதிரசம் சுடுகிற வாசனை வந்தது. சாரின் சம்சாரம் சரோஜா அக்கா சுட்டுக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்கு அந்தப் பக்கம் திரும்பி, “இன்னாக்கா, வாசனை தூக்குது, வூட்ல எதுனா விசேஷமா?” என்றேன்.

சமையற்கட்டு வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்த மருமகள் நித்யாவின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

2. விசேஷம்

டிரில்லுக்குக் கரண்ட் இழுக்க ஜங்ஷன் பாக்ஸ் எடுக்க வெளியே என் வண்டிக்குப் போனேன். நித்யா பின்னாலேயே வந்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிற பெண்.

“அண்ணா, உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“எதும்மா?”

“விசேஷமான்னு கேட்டீங்களே.”

நான் கேட்டது விருந்தைப் பற்றி. அந்தப் பெண் காதில் விழுந்தது வேறு விசேஷம். இரண்டு மாசமாம். போன தடவை இரண்டாவது மாசமே எல்லோருக்கும் சொல்லி, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார்கள். அடுத்த வாரமே கலைந்துவிட்டது. ஸ்வீட் வாங்கின அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

“அதான்ணா இந்த வாட்டி ஸ்கேன் பாக்கற வரைக்கும் வாயத் தொறக்கறதில்லன்னு கீறோம். எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். அவரு ஷிஃப்ட்ல கீறாரு. வந்தாலும் அவங்கப்பாகிட்ட பொய் சொல்ல வராது. சுவத்துல ஓட்ட போடாதீங்கண்ணா. ஏன்னும் சொல்லிடாதீங்க.”

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், துளை போட மாட்டோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நான் அதை மீறுகிறவன் இல்லை. என் சம்சாரம் முழுகாமல் இருந்த வருஷம் காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கவில்லை. அது பீரோ மேலேயே படுத்துக் கிடந்தது. தேதி பார்க்க ஸ்டூல் போட்டு ஏறுவேன்.

“எப்பம்மா கணக்கு?”

“சித்திரையில.”

3. ஓதம்

உள்ளே வந்து மறுபடியும் சுவரைத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“சார், சுவத்துல ஓதம் ஏறிக்கீது.”

“இப்பதான பாறைன்ன?”

“பாறையிலயும் ஓதம் ஏறும் சார். மழை முடிஞ்சு, வெயில் ஏறி, சித்திரை வரணும். காயாம போட்டா ஆங்கர் போல்ட்டு புடுங்கிக்கும்.”

“நான் தண்ணி அடிச்ச சுவருய்யா இது. ஒரு விரிசல் கீதா பாரு.”

“சாமி விஷயம் சார். விழுந்தா நல்லாவா இருக்கும்?”

அறுபது கிலோ முருகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எழுதிக் குடு,” என்றார் சார். பேப்பர் தேடி உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் சரோஜா அக்கா காபியோடு வந்தார். குரலைத் தாழ்த்தி, “சித்திரை பத்தாது, வைகாசி போடு. பொறந்து முப்பது கழிய வாணாமா?” என்றார்.

எனக்குக் காபி புரையேறியது. “உங்களுக்கு எப்டிக்கா?”

“நாலு நாளா தாளிக்கிற வாசனைக்கு மூஞ்சத் திருப்பிக்கினு கீறா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதப்பா. அவளா சொல்றப்ப சொல்லட்டும்.”

சார் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்தார். எழுதினேன்: ‘இந்தச் சுவரில் ஓதம் ஏறியுள்ளது. கனம் தாங்காது. வைகாசி வரை துளை போடக் கூடாது. இப்படிக்கு, ஏழுமலை, ஃபிட்டர்.’

சார் படித்தார். “வாயால சொன்னப்ப சித்திரை. எழுத்துல வைகாசியா?”

“எழுதறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஏறிடுச்சு சார்.”

பேப்பரை இன்னொரு தரம் படித்தார். பிறகு பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

4. வைகாசி

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் முருகன் ஒரு மரப்பெஞ்சின் மேல் இருந்தார். ஏன் கீழே இருக்கிறார் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் சார் என் பேப்பரை எடுத்துக் காட்டினாராம். அந்த மாசம் முழுக்க, பழைய கம்பெனி ஆட்கள் எங்கே பார்த்தாலும் “இன்னா ஏழுமல, ஓதம் ஏறிடுச்சா?” என்று கேட்டார்கள். இரண்டு பேர் கொடுப்பதாகச் சொன்ன வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். ‘முருகா, உன் முன்னாலதான் பொய் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடு’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வைகாசிக் கடைசியில் சார் போன் செய்தார். “சுவரு காஞ்சிடுச்சு. வா.”

பெண் குழந்தை. முப்பது கழிந்து, உள் அறையில் தூளியில் கிடந்தது. நித்யா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போன பிறகு, ஹேமர் டிரில்லை வைத்து அழுத்தினேன். செங்கல் தூள் சிவப்பாக, பொலபொலவென்று கொட்டியது. சார் உள்ளங்கையில் பிடித்து ஊதினார்.

“ஓதம் எங்கப்பா?”

நான் டிரில் பிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் கம்பெனியில பிளானிங் போட்டவன்யா. சுவரு காய எட்டு மாசமா? எட்டு மாசத்துல இன்னா ரெடியாவும்னு தெரியாதா எனக்கு? நீ எழுதின அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சார் ஊருக்கெல்லாம் அந்தப் பேப்பரக் காட்னீங்க?”

“காட்டலன்னா, சாமி ஏன் பெஞ்சு மேல கீதுன்னு நோண்டுவாங்க. வாய மூடிக்கினு இருக்க எனக்கு அந்தப் பேப்பர்தான் கெடச்சுது.”

முருகன் ஏறினார். நாலு ஆங்கர், ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. கற்பூரம் காட்டிய பிறகு சார் அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஃபிரேம் எடுத்து வந்தார். உள்ளே என் பேப்பர்.

“இதயும் மாட்டு. முருகனுக்குக் கீழ.”

“சார், வர்றவங்க படிப்பாங்க. தொழில் பேரு கெட்டுடும்.”

“மேல அறுவது கிலோ தொங்கறத பாத்துட்டுத்தான கீழ படிப்பான்? போன் நம்பரும் எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன்.

இப்போது யார் கூப்பிட்டாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். எத்தனை கிலோ, என்ன சுவர், வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் மூன்றாவதைக் கேட்காமல் டிரில்லை வெளியே எடுக்க வேண்டாம். பதில் வர நேரமானால் நான் காரணம் கேட்பதில்லை. சுவர் எந்த மாசம் காயும் என்று மட்டும் கேட்டு, டைரியில் குறித்துக்கொள்கிறேன்.