கதவு வைக்காத கோயில்

விழுப்புரத்தில் ரயில் தாமதம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில் பக்கம் வருகிறேன். தூறல் போடுகிறது. கோயிலுக்குக் கதவும் இல்லை, வாசற்படியும் இல்லை. பீடத்தருகே ஓர் ஆடு படுத்திருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறேன்.

உள்ளே பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மாளிடம், "கதவு எங்கேங்க?" என்று கேட்டுத் தொலைக்கிறேன்.

"வெச்சாதானே இருக்கும்? ரயில்வேல மூட்டை தூக்க வந்த எங்க ஜனம் கட்டுனது சார் இது. ஊர்க் கோயில்ல வாசப்படிய தாண்ட வுடமாட்டாங்க. பூசை முடியறவரிக்கும் வெயில்ல நின்னுக்கினு இருக்கணும். அதான் இங்க வாசப்படியே வேணாம்னுட்டாங்க. ஆடு, நாயின்னு பேஜாருதான். வந்துட்டுப் போவட்டும்."

"எந்த ஊருங்க அது?"

சொல்கிறார். அது என் ஊர். அந்தக் கோயிலின் முதல் பெஞ்சு எங்கள் குடும்பத்துடையது. சமத்துவம் பற்றி மேடை மேடையாகப் பேசியவன், ரயில் அறிவிப்பு வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"நீங்க எந்த ஊரு?"

சென்னை என்று சொல்லிவிடலாம். ஆதார் அட்டையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் வாய் முந்திக்கொண்டு ஊரைச் சொல்கிறது, கேட்காத தெருவையும் சேர்த்து.

துடைப்பம் நிற்கிறது. என் நனைந்த தோளையும் வெறுங்காலையும் பார்க்கிறார்.

"அதுக்கோசரம் வெளியவே நிப்பீங்களா? உள்ள வாங்க சார். வெளிய நிக்கவெக்கிற பழக்கம் இங்க இல்ல."

உள்ளே போகிறேன். என் கண் முதல் பெஞ்சைத் தேடுகிறது. பெஞ்சே இல்லை. ஆட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன்.