வடித்த ஓட்ஸ்

மாமனாருக்கு மாரடைப்பு வந்து தேறிய 2010-இல்தான் எங்கள் கடலூர் வீட்டுக்குள் ஓட்ஸ் நுழைந்தது. சர்க்கரையும் இருந்ததால், காலையில் இட்லிக்குப் பதில் அதைக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். மஞ்சக்குப்பம் கடையில் அட்டைப்பெட்டி ஓட்ஸ் வாங்கினேன். அவல் போலத் தட்டையானது. ஐந்து நிமிடத்தில் கஞ்சியாகிவிடும். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஏழேகால் பேருந்தை விட்டால் முதல் மணிக்குள் போய்ச் சேர முடியாது.

அமெரிக்காவிலிருந்த நாத்தனார் தொலைபேசியில் கேட்டு வருந்தினாள்.

"அது ஆவியில வேகவச்சு நசுக்குனது அண்ணி. சீக்கிரம் செரிச்சு சக்கரைய ஏத்திடும். நான் நல்லதா அனுப்புறேன்."

ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு தகர டப்பாக்கள் கொடுத்தனுப்பினாள். முழுத் தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது, பார்வைக்கு நொய்யரிசியேதான். பல்லுக்கு இதமாகக் கடிபடும் அதன் சுவை எனக்கும் பிடித்திருந்தது.

அந்த நொய்ச் சாயல்தான் வினையாயிற்று. சர்க்கரைக்காரருக்குச் சோற்றை வடித்துத்தான் போட வேண்டும் என்பது என் மாமியார், அத்தையின் சட்டம். இதையும் வடிக்கச் சொன்னார். அட்டைப்பெட்டி ஓட்ஸ் வடிக்க வராமல் கூழாகிவிட்டதால், அவர் கணக்கில் அது உதவாதது.

வெட்டிய ஓட்ஸ் வேக நாற்பது நிமிடம். அதன் கொழகொழப்பு வடிதட்டின் கண்களை அடைத்துக்கொள்ளும்; கரண்டியால் தேய்த்து இறக்க மேலும் பத்து நிமிடம். முன்னதாகச் செய்து வைத்தால் இறுகிவிடும். மாமா கடற்கரையில் நடந்துவிட்டு வரும் நேரத்துக்குச் சூடாக இருந்தாக வேண்டும். மற்ற சமையலெல்லாம் பின்னுக்கு நகர, நான் நிறுத்தத்தை அடையும்போது பேருந்து போயிருக்கும்.

"இந்த மாசத்துலயே ஆறு நாள் லேட்டு மிஸ்," என்றார் தலைமையாசிரியை. "அடுத்த வருஷத்துக்கு உங்கள வச்சிக்கலாமான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கணவரிடம் சொன்னேன். "கஷ்டமா இருந்தா விட்டுடேன். யாரு உன்ன போகச் சொன்னா?" என்றார், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மாமாவின் அடுத்த பரிசோதனைக்கு அவரோடும் அத்தையோடும் நானும் போனேன். ஓட்ஸை வடிக்கத்தான் வேண்டுமா என்று நான் கேட்டதும் மருத்துவர் சிரித்துவிட்டார்.

"வடிக்கிறீங்களா? நல்லதே அந்தக் கொழகொழப்புதாம்மா. அத கீழ ஊத்திட்டு சக்கையக் குடுத்திருக்கீங்க."

"அட்டைப்பெட்டி ஓட்ஸ் குடுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. வெட்டுனது கொஞ்சம் மெதுவா செரிக்கும், அவ்ளோதான்."

ஆட்டோவில் மாமா சொன்னார்: "மாட்டுக்குக்கூட கழனித்தண்ணி வைப்பாங்க. எனக்கு அதுவும் இல்லாம போச்சி."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி அத்தை என்னிடம் சொன்னார்: "பொண்ணு ஆசையா அனுப்புனது. வடிக்காமயே காய்ச்சு."

வடிக்காத கஞ்சி அடிபிடித்தது. இப்போது கரண்டியிலிருந்து கையெடுக்கவும் வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே பால்காரர், பள்ளி வேன், எதிர்வீட்டுக் கோலம் எல்லாம் கடந்து போக, நான் மட்டும் கிண்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் காஸ் சிலிண்டர் மாற்றியதில் தாமதமாகிவிட்டது. மணி ஏழை நெருங்கியும் பாதிகூட வேகவில்லை. காபிக்காக வந்த கணவரிடம் கரண்டியை நீட்டினேன்.

"இருவது நிமிஷம் அடிபிடிக்காம கிண்டணுங்க."

அவர் வாங்கிக்கொண்டார், என்ன வாங்கினோம் என்று அவருக்குப் புரிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். பேருந்து கிடைத்தது.

மாலையில் கரிந்த பாத்திரம் பின்கட்டில் ஊறிக்கொண்டிருந்தது. சமையல் மேடைமேல் புதிதாக இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"இது அஞ்சு நிமிஷந்தானாமே," என்றார் கணவர், தானே கண்டுபிடித்ததுபோல.

ஆமென்றேன். வேலை தப்பியது, அடுத்த ஆண்டும் பள்ளியில் என் பெயர் இருந்தது. அந்த ஐந்து நிமிடக் கரண்டியைப் பிடிக்க மட்டும் அவர் மறுபடி அடுப்பருகே வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.